ஏரியல் படுத்திய பாடு

வாக்கி-டாக்கி என்று எல்லோரும் அழைக்கும் கைவானொலி ஒன்று நம் இல்லத்தில் ஏழாண்டுகளாக இருந்து வருகிறது. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி, அமெச்சூர் வானொலி உரிமமும் 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக் குறியும் பெற்ற பின்னரே அதனை வாங்கினோம். உரிமமின்றி இத்தகைய கருவியில் பேசுவது சட்டப்படி குற்றமாகும் என்பதை அன்பர்கள் முதலிலேயே அறிந்துகொள்வது நலம். மாதுங்காவில் வசிக்கும் நண்பர் ஒருவரும் உரிமம் பெற்றவர். செம்பூரில் இருக்கும் நமக்கும் அவருக்கும் இரவு ஒன்பது மணிக்கு வானலைகளில் சந்திப்பது வழக்கம். பேசுவதற்கு விஷயம் ஒன்றும் இராது. 'கேட்கிறதா?' என்பார் அவர். 'கேட்கிறது' என்போம் நாம். 'இதற்குத்தானா இத்தனை படிப்பு?' என்று கேட்பாள் நம் இல்லத்தரசி.

சங்கத்து இதழில் ஏரியலைப் பற்றி எழுதவேண்டிய அவசியம் என்னவென்று சிலர் வினவக்கூடும். 2024-ஆம் ஆண்டு ஆடிப் பெருக்கன்று நம்முடன் மாத்தேரானுக்கு வந்திருந்த குடும்பங்கள் அவ்வாறு வினவமாட்டா.

அவ்வாண்டு ஆடிப் பெருக்கு சனிக்கிழமையில் வாய்த்தது. காவிரிக் கரைக்குப் போக வழியில்லாத நாம், மாத்தேரான் மலைமீதுள்ள ஷார்லெட் ஏரிக் கரையில் கலந்த சாதம் உண்பதென்று முடிவாயிற்று. மழைக்காலத்தில் நேரலிலிருந்து மலையேறும் சிறு ரயில் நின்றுவிடும். தஸ்தூரி வரையில் வண்டியில் சென்று, அதன்பின் செம்மண் பாதையில் நடக்கவேண்டும். ஏறத்தாழ நாற்பது பேர். நண்பர் இளைஞர்களையும் சாப்பாட்டுத் தூக்குகளையும் அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். முதியவர்களுடன் நாம் பின்னால் வந்தோம். இருவரிடமும் கைவானொலி இருந்தபடியால் யாருக்கும் கவலையில்லை.

கவலையின்மைக்கு நம்மளவில் மற்றொரு காரணமும் உண்டு. கருவியுடன் வந்த குட்டை ஏரியலைக் கழற்றிவிட்டு, முந்நூறு ரூபாய்க்குப் புதிதாக வாங்கிய நீண்ட ஏரியலை மாட்டியிருந்தோம். பெயர்பெற்ற அயல்நாட்டு முத்திரை அதன்மேல் பொறிக்கப்பட்டிருந்தது. படுக்கையறையிலிருந்து பால்கனிக்குப் பேசிப் பார்த்தோம். மணி போல் ஒலித்தது. பழைய குட்டையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

மலைமேல் மூடுபனி இறங்கிற்று. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. நண்பரின் தந்தையார், எழுபத்தெட்டு வயதானவர், நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நமக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு திருப்பத்தில் அவர் கண்ணுக்கு மறைந்தார். முன்னால் சென்ற மகனுடன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நாம் எண்ணினோம். நம்முடன் மெல்ல வருகிறார் என்று மகன் எண்ணினார். கைவானொலியோ மௌனமாக இருந்தது. மௌனமாக இருந்தால் விசேஷம் ஒன்றுமில்லை என்றுதானே பொருள்? இருவரும் அப்படித்தான் கொண்டோம். இடையில் நண்பர் நம்மை நான்கு முறை அழைத்திருக்கிறார். நாமும் இரண்டு முறை அழைத்தோம். ஒருவர் சொல்லும் மற்றவருக்கு எட்டவில்லை.

ஏரிக்கரையில் ஒருவரையொருவர் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. முக்கால் மணி நேரம் வீணாகியிருந்தது. பெரியவரின் கைப்பேசி மருமகளின் பையில் கிடந்தது. அதன்பின் நடந்த தேடலை விவரிக்க விருப்பமில்லை. லூயிசா முனைக்குச் செல்லும் பாதையில் ஒரு கல்லின்மேல் அவர் உட்கார்ந்திருந்ததைக் குதிரைக்காரர் ஒருவர் கண்டு சொன்னார். குளிரிலும் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிற்று. பத்து வயதுப் பேரன் குடையை அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டிருந்தான். தூக்கிலிருந்த சர்க்கரைப் பொங்கலை இரண்டு கவளம் ஊட்டியபின் பெரியவர் கண் தெளிந்து நம்மைப் பார்த்தார். "என்ன தம்பி, உங்கள் பெட்டி பேசவில்லையா?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை.

வீடு திரும்பியதும் ஏரியலைக் கழற்றிப் பார்த்தோம். திருகு முனையின் நடுவில் இருக்கும் சிறு தொடுமுனை உள்ளே ஆழத்தில் புதைந்து, கருவியின் நடு ஊசியைத் தொடவே இல்லை. முத்திரை போலி, பொருளும் போலி. அருகருகே இருக்கும் அறைகளுக்குள் அது பேசியதில் வியப்பில்லை. அத்தனை அருகில் ஏரியலே இல்லாவிட்டாலும் கேட்கும். இக்கருவிகளில் பயன்படும் எஃப்.எம். முறையின் குணம் அப்படி. அலை வலுவாக இருக்கும்வரை நல்ல ஏரியலுக்கும் கெட்ட ஏரியலுக்கும் காது வேற்றுமை காணாது. ஓர் எல்லைக்குக் கீழே போனாலோ, பேச்சு படிப்படியாகத் தேய்வதில்லை. சட்டென்று இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே ஏரியலைச் சோதிக்கவேண்டிய இடம் நன்றாகக் கேட்கும் இடமன்று. கேட்டும் கேளாமலும் இருக்கும் இடம்.

நாமும் நண்பரும் அதற்கேற்ப ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நண்பர் தம் மூன்றாம் மாடியில், கணினியுடன் இணைத்த ஒரு வாங்கியை வைத்து, வரும் அலையின் வலிமையை டெசிபெல் கணக்கில் குறித்துக்கொள்வார். நாம் செம்பூரில் ஒரு மரத்தடியில், ஒரே இடத்தில் ஒரே உயரத்தில் நின்று, ஒரு வாட் சக்தியில் மட்டும் பேசுவோம். இடையே கட்டடங்கள் நிறைந்த ஆறு கிலோமீட்டர். மார்கழி மாதத்து ஞாயிறுகளில் விடியற்காலையில் நடந்த இந்தச் சோதனையைக் கண்டு, பால்காரர் நம்மை ரகசியப் போலீஸ் என்று சில நாள் நம்பியிருந்தார்.

சோதனையின் பலனைச் சொல்லுமுன் ஏரியலின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். நம் நாட்டு அமெச்சூர்களுக்கு உரிய 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி, அதாவது அரை மீட்டர்க் கம்பி, நன்றாக வேலை செய்யும். ஆனால் சட்டைப் பையில் வைக்கும் கருவியின் தலையில் அரை மீட்டர்க் கம்பி நின்றால் வாங்குவோர் கண்ணைக் குத்தும். எனவே தயாரிப்பாளர்கள் கம்பியைச் சுருளாகச் சுற்றி ரப்பர் உறைக்குள் அடக்கிச் சாணளவு ஆக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'ரப்பர் வாத்து' என்று செல்லப் பெயர். வாத்து நடக்கும், ஓடாது.

வாத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். அதே முத்திரையின் உண்மையான நாற்பது சென்டிமீட்டர் ஏரியல் ஒன்றை நண்பர் வாங்கி வைத்திருந்தார். அது வாத்தைவிட நான்கு டெசிபெல் கூடுதல் காட்டிற்று. மூன்று டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு. சக்தியைக் கூட்டினாலும் இப்பயன் கிட்டுமே என்பர் சிலர். சக்தியைக் கூட்டினால் நாம் பேசுவது பிறர்க்குக் கேட்கும். பிறர் பேசுவது நமக்குக் கேட்காது. மின்கலமும் விரைவில் தீரும். நல்ல ஏரியல் காதுக்கும் வாய்க்கும் ஒருங்கே உதவும்.

அடுத்தது நிட்டினால் கம்பியால் ஆன அரை மீட்டர் ஏரியல். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த இவ்வுலோகம் 1959-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. எப்படி வளைத்தாலும் விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும். கார்க் கதவில் அகப்பட்டும் இதற்கு ஒன்றும் நேரவில்லை. வாத்தைவிட ஐந்து டெசிபெல் கூடுதல். 435 மெகாஹெர்ட்ஸில் இதே கம்பி முக்கால் அலை நீளமாக அமைவதால் இரண்டு வரிசைக்கும் பொருந்துகிறது. ஆனால் அந்த 435-இல் எல்லா ஏரியல்களுக்கும் வாத்துக்கும் இடையே ஒன்று இரண்டு டெசிபெல்லுக்கு மேல் வேற்றுமை இல்லை. அலைநீளமே எழுபது சென்டிமீட்டர்தான். கால் பங்கு ஒரு சாணுக்குள் அடங்கிவிடுகிறது. அவ்வரிசையில் மட்டும் பேசுவோர் நீண்ட ஏரியலுக்குப் பணம் செலவிடவேண்டுவதில்லை.

டயமண்ட் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் இழுத்து நீட்டும் ஏரியலும் நண்பரிடம் உண்டு. முழுவதும் நீட்டினால் ஒரு மீட்டருக்குச் சற்றே குறையும். பேசுவதில் எல்லாவற்றையும் வென்றது, நடப்பதில் தோற்றது. காற்றடித்தால் அதன் பாரம் முழுவதும் கருவியின் சிறு திருகு முனையின்மேல் விழுகிறது. ஒரு முறை கிளையில் மாட்டிக்கொண்டு நம் கருவியின் முனையையே தளர்த்திவிட்டது; அதை மறுபடி பற்றவைக்க நேர்ந்தது. ஓரிடத்தில் நின்று பேசுவோர்க்கு மட்டுமே அதைச் சொல்வோம்.

சோதனையில் நம்மை வியக்கவைத்தது விலை கொடுத்து வாங்கிய எதுவுமன்று. ஏரியலுக்கு இரண்டு கால் வேண்டும். மேலே நிற்கும் கம்பி ஒரு கால். கருவியின் உடலும் அதைப் பிடித்திருக்கும் நம் கையும் மற்றொரு கால். இரண்டு மீட்டர் அலைக்கு இந்த இரண்டாம் கால் மிகவும் குட்டை. ஆகவே நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண மின்கம்பி ஒன்றின் நுனியைச் சீவி, ஏரியலின் அடியில் வெளிப்புற உலோக வளையத்தில் சுற்றித் தொங்கவிட்டோம். நடு ஊசியை அது தொடலாகாது. ஹாம்கள் இதனைப் 'புலிவால்' என்கிறார்கள். வாத்துக்குப் புலிவால் கட்டியவுடன் நான்கு டெசிபெல் ஏறிற்று! நாற்பது சென்டிமீட்டர் ஏரியலுக்கு நண்பர் கொடுத்த ஆயிரத்துச் சொச்சமும் இந்தக் கம்பிக்கு ஈடாகவில்லை. நிட்டினாலுக்கு வால் கட்டியபோது எட்டு டெசிபெல். புலிவாலைப் பிடித்தவன் விடமுடியாது என்பார்கள். நாம் அன்று முதல் விடவில்லை.

மற்றொன்றையும் கண்டோம். கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஒலிவாங்கியில் பேசினால், எந்த ஏரியல் ஈட்டியதையும் நம் உடல் விழுங்கிவிடுகிறது. முகத்துக்கு நேரே, செங்குத்தாகப் பிடிக்கவேண்டும். படுக்கை வசமாகச் சாய்த்தாலும் நஷ்டம். மலைமேல் நாம் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நடந்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றம் முழுவதையும் போலி வியாபாரியின் தலையில் கட்டினால் மனச்சாட்சி ஒப்பவில்லை.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். தரையில் நிற்கும் ஒருவருடைய கருவிக்குத் தொடுவானம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். எண்ணூறு மீட்டர் உயரமுள்ள மாத்தேரான் விளிம்பில் நின்றாலோ நூற்றுப் பத்துக்கு மேல். பனி விலகியபின் மற்றொரு நாள் அங்கே சென்று, பனோரமா முனையிலிருந்து வெறும் வாத்தைக் கொண்டே மாதுங்காவுடன் பேசினோம். அதே மலையில், இடையே ஒரு மேடும் ஈரக் காடும் குறுக்கிட்டபோது ஒரு கிலோமீட்டர்கூட எட்டவில்லை. ஆதலால் வழிநடையில் மேடு வரும்போதெல்லாம் நின்று அழைப்பதென்று வைத்துக்கொண்டோம். குறித்த நேரத்தில் விடை வராவிட்டால் அந்த இடத்திலேயே இரு குழுக்களும் நின்றுவிட வேண்டும். மௌனத்துக்கு இனி நல்ல பொருள் கொள்வதில்லை.

தங்குமிடத்துக்கென்று ஒன்று செய்தோம். தூரதர்ஷன் தொடங்கிய காலத்தில் மொட்டைமாடியிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிக்கு வந்த தட்டைக் கம்பி நினைவிருக்கிறதா? இரு கம்பிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் பட்டை ஓடும். நம் பரணில் ஒரு சுருள் கிடந்தது. அதில் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, ஒரு பக்கம் இடைவெளி விட்டு, ஜே வடிவ ஏரியல் ஆக்கினோம். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். நூலில் கட்டி மரக்கிளையில் ஏற்றினால் வாத்தைவிடப் பதினோரு டெசிபெல். அதில் எத்தனை வடிவத்தின் பயன், எத்தனை கிளையின் உயரம் என்று பிரித்துச் சொல்ல நமக்குத் திறமில்லை. பரணைச் சுத்தம் செய்யவிடாமல் இத்தனை ஆண்டு தடுத்து வந்ததற்கு அது ஒரு சமாதானமாயிற்று.

2025-ஆம் ஆண்டு ஆடிப் பெருக்குக்கு மீண்டும் அதே மலை. பெரியவர் வரமாட்டார் என்று எல்லோரும் எண்ணினோம். தஸ்தூரியில் வண்டியை விட்டு முதலில் இறங்கியவர் அவர்தான். கைப்பேசி அவர் கழுத்திலேயே தொங்கிற்று. பையில் கல்கண்டுப் பொட்டலம். நம் அருகே வந்து கருவியை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இந்தத் தடவை வால் கட்டியிருக்கிறதா?"

தூக்கிக் காட்டினோம். அவர் அந்தக் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, பேரன் தோளில் கையை வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.