அனுப்பு என்று ஒரு சொல்

'டிரான்ஸ்மிஷன்' என்றால் என்ன? மெக்கானிக்கல் நண்பர் கியர் பாக்ஸைக் காட்டுவார். எலக்ட்ரிக்கல்காரர் டவர் லைனைக் காட்டுவார். எலக்ட்ரானிக்ஸ்காரரோ ஆன்டெனாவை அண்ணாந்து பார்ப்பார். சண்டை வேண்டாம், மூணு பேர் சொல்வதும் ஒண்ணுதான்!

லத்தீன் மொழியில் 'மிட்டெரே' என்றொரு வினைச்சொல். பொருள்: அனுப்புதல். அதன் இன்னொரு வடிவம் 'மிஸ்ஸும்'. 'டிரான்ஸ்' என்றால் கடந்து, அந்தப் பக்கம். ஆக டிரான்ஸ்மிஷன் என்பது அந்தப் பக்கத்துக்கு அனுப்புதல். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சி போகிறது. மின் நிலையத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் போகிறது. 1901 டிசம்பரில் இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து 'எஸ்' என்ற எழுத்துக்கான மூன்று மோர்ஸ் புள்ளிகள் அனுப்பப்பட்டன. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் அவற்றைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். எல்லாமே அனுப்புவதுதான்!

இந்த ஒரு வேர் தெரிந்தால் போதும், பல சொற்கள் தானாகத் திறக்கும். 'எ' என்றால் வெளியே. அதனால்தான் என்.பி.என். டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான்களை வெளியே அனுப்பும் கால் 'எமிட்டர்'. 'சப்' என்றால் கீழே. ரெக்கார்டு நோட்டை 'சப்மிட்' செய்யும்போது நாம் ஏன் குனிந்து நிற்கிறோம் என்று இப்போது புரிகிறதா? 'மிஸைல்' என்றால் எறிந்து அனுப்பப்படுவது. ஆனால் 'மிட்' என்று முடிவதெல்லாம் சொந்தக்காரர் இல்லை. 'லிமிட்' வந்தது எல்லை என்று பொருள்படும் 'லீமெஸ்' என்ற வேறு லத்தீன் சொல்லிலிருந்து.

தமிழ் மீடியத்தில் படித்து வந்த நமக்கு ஆங்கிலப் பாடநூல் பெரிய சுவராகத் தெரிகிறது. வேரைப் பிடித்தால் அந்தச் சுவரில் ஒரு கதவு இருக்கு.

கடைசியாக 'அட்மிஷன்'. 'அட்' என்றால் ஓரிடத்தை நோக்கி. அங்கே அனுப்புதல், உள்ளே விடுதல். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எங்க அப்பாவுக்கு லத்தீனும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனால் ஊரில் யார் கேட்டாலும், "புள்ளைய படிக்க அனுப்பியிருக்கேன்" என்பார். அகராதி சொல்லும் பொருளும் அதுதானே!

மின்சாரத்தைத் தூரத்துக்கு அனுப்பினால் வழியிலேயே கொஞ்சம் சூடாகி வீணாகும். அதைக் குறைக்கத்தான் வோல்டேஜை உயர்த்தி அனுப்புகிறார்கள். நம்மையும் வீட்டில் கஷ்டப்பட்டு அனுப்பியிருக்கிறார்கள். வழியில் லாஸ் ஆகாமல் போய்ச் சேருவோம், நண்பர்களே!