ஆடிப்பட்டத்துக்கு முன்னால்

மிக்ஸி ஜாரில் வாஷர் தேய்ந்து சட்னி கசிகிறது என்று வீட்டில் ஒரே முணுமுணுப்பு. இன்று ஒருவழியாகக் கிளம்பிவிட்டேன். வாஷர், அம்மாவுக்கு முட்டிவலித் தைலம், அஞ்சலகத்தில் ஆர்.டி. எல்லாம் மளமளவென்று முடிந்தது.

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் விதைக்கடையில்தான் கால் ஊன்றிவிட்டது. ஆடிப்பட்டம் நெருங்குகிறதே! வெண்டையும் கொத்தவரையும் சட்டென்று எடுத்தாயிற்று. நாட்டுப் புடலை விதையைக் கடைக்காரர் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். தட்டையாக, பழுப்பாக, ஓரமெல்லாம் நெளிநெளியாக. "தோல் கெட்டி சார், ராத்திரி ஊறப்போட்டு ஊனுங்க."

ஹைப்ரிட் பாக்கெட்டில் படம் பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் அதில் விதை எடுத்து மறுபடி போட்டால் அதே குணம் வராது. எனக்கோ விதை எடுப்பதில்தான் பாதி சுகம்.

கூடவே 5 கிலோ தேங்காய் நார்க்கட்டி. இப்போது செங்கல் மாதிரி கிடக்கிறது, தண்ணீர் விட்டால் தொட்டி நிரம்பும். உப்புப் போக அலசிப் பிழிந்து, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்துதான் பையில் நிரப்புவேன். வெறும் நாரிலேயே காய்க்கும் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

புடலைப் பந்தலுக்கு மூங்கிலா, நைலான் வலையா என்று வீட்டில் பஞ்சாயத்து ஓடுகிறது. ஆடிக்காற்றை மொட்டைமாடியில் சமாளித்த அனுபவஸ்தர்கள் யாராவது சொல்லுங்களேன்.