விக்கியில் எனது முதல் வழக்கு

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், "விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன்" என்று சொன்னால், "அதை யார் வேணும்னாலும் அழிக்கலாமே, எதுக்கு சார் அந்த வேலை?" என்கிறார்கள். உண்மைதான். யாரும் எழுதலாம், யாரும் நீக்கலாம். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கியும் அப்படித்தான் வளர்ந்து வருகிறது. நாம் எழுதியதை ஒருவர் நீக்கினால் என்ன செய்வது? நான் சேர்ந்த மூன்றாவது வாரமே அதைக் கற்றுக்கொள்ளும்படி ஆயிற்று.

32 வருடம் ரயில்வேயில் இருந்தவனுக்கு ரயிலைத் தவிர வேறென்ன தெரியும்? தனுஷ்கோடியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைப் புயலில் பொங்கிய கடல் கொண்டு போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் 46 நாளில் சரி செய்தார் என்பதை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். ஆனால் அந்த வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில்தான் கணக்கு ஒத்துப்போவதில்லை. பயணிகள் 110, ஊழியர்கள் 5, ஆக 115 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200-ஐத் தாண்டும் என்று எழுதியவர்களும் உண்டு.

கட்டுரையில் 115 மட்டும் இருந்தது. நான் 200 என்ற கணக்கையும் ஒரு வரியில் சேர்த்து, அதை வெளியிட்ட பத்திரிகையை மேற்கோளாகக் காட்டினேன். மறுநாள் காலை பார்த்தால் வரியைக் காணோம். 'வரலாறு' பகுதியில் காரணம் எழுதியிருந்தார்கள்: ஒரே விபத்துக்கு இரண்டு எண்ணிக்கை கொடுத்தால் வாசகர் குழம்புவார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரே ஒரு சொடுக்கில் என் வரியைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அவரும் ஒரு சொடுக்கில் எடுத்துவிடுவார். இப்படி இழுபறி நடக்கக்கூடாது என்பதற்காகவே, ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். மூன்று முறை உரிமை உண்டு என்று அதற்கு அர்த்தமில்லை. முதல் முறையிலேயே பேச உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம்.

"முகம் தெரியாத யாரோடோ எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?" என்றாள் என் மனைவி. மல்லுக்கட்டவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் 'உரையாடல்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே போய் இப்படி எழுதினேன்: "வணக்கம். இரண்டு கணக்கில் எது சரி என்று நான் சொல்லவில்லை. இரண்டுமே அச்சில் வந்தவை. எதை யார் சொன்னார்கள் என்று குறிப்பிட்டால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து?" என் வயதையும் சர்வீஸையும் அதில் இழுக்கவில்லை. அங்கே அது செல்லாது. ஆதாரம் மட்டும்தான் செல்லும்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "வணக்கம் ஐயா. அப்படியானால் 200 என்பது மதிப்பீடு என்று தெளிவாகத் தெரிய வேண்டும்" என்று எழுதியிருந்தார். நியாயமான பேச்சு. அப்படியும் வாக்கியம் அமையவில்லை. ஒத்துவராவிட்டால் எல்லோரும் கூடிப் பேச 'ஆலமரத்தடி' என்று ஒரு பொது இடம் உண்டு. அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. வேறொரு பயனர் தானாக வந்து ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். 115 என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது, பயணச்சீட்டு இல்லாதவர்களையும் சேர்த்து 200-க்கு மேல் இருக்கலாம் என்றும் மதிப்பிடப்படுகிறது, இரண்டுக்கும் தனித்தனி மேற்கோள். மூவரும் ஒப்புக்கொண்டோம். என் வரியை விட அது நன்றாகவே இருந்தது.

இந்த ஒரு வரிக்காக ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாம்பன் பக்கத்துக்காரர் ஒருவர் எங்களுக்கு சீனியராக இருந்தார். "அந்த வண்டியில எத்தனை பேர் டிக்கெட் எடுத்திருப்பான் தம்பி? எடுத்தவனைத்தான் எண்ண முடிஞ்சுது" என்பார். டிக்கெட் எடுக்காதவன் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. அவன் செத்ததும் கணக்கில் வராது. ஒரு கலைக்களஞ்சியத்தில் "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லிலாவது அவனுக்கு இடம் கிடைக்கட்டும் என்றுதான் விட மனமில்லை.

சீனியர் சொன்னதை நான் விக்கியில் எழுதவில்லை. அச்சில் வராத வாய்மொழியை அங்கே ஏற்பதில்லை. ஏற்றால் ஆளுக்கொன்று எழுதுவார்கள். அதனால் அவர் சொன்னதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நம் வயதுக்காரர்கள் யாராவது விக்கியில் எழுதப் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். உங்கள் வரியை நீக்கியவர் உங்களுக்கு விரோதி இல்லை. அவரும் அந்தக் கட்டுரை சரியாக இருக்க வேண்டும் என்று சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறவர்தான். முதலில் ஒரு வணக்கம் சொல்லுங்கள். பிறகு ஆதாரத்தை எடுத்து வையுங்கள். இரண்டு நாள் பொறுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்?