முடிவுக்கும் ஒரு முகவரி

மணமுறிவு என்ற சொல்லை நம் இல்லங்களில் குரலைத் தாழ்த்தியே சொல்லுகிறோம். அது நேர்ந்த வீட்டில் அதைப்பற்றிய பேச்சு எழுந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுகிறோம். துயரத்தை மறைப்பதே மானத்தைக் காப்பது என்பது நமக்குப் பழகிப்போன எண்ணம். ஆனால் மறைத்ததைத் தேடி எடுத்தே ஆகவேண்டிய நாள் ஒன்று வருமாயின், அது எங்கே கிடக்கிறது என்பதே தெரியாமல் திகைக்கிறோம். அமெரிக்க நாட்டில் வாழும் என் அத்தைக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அங்கேயே வசிக்கும் நான் அந்தத் தேடலில் அவருக்குத் துணை நின்றேன். அவருடைய சம்மதத்தோடு அதனை இங்கே எழுதுகிறேன்.

அத்தையின் திருமணம் 1973 மே மாதத்தில் எங்கள் ஊர் ஆலயத்தில் நடந்தது. மறு ஆண்டே கணவருடன் சிகாகோ நகருக்குச் சென்றார். 1981இல் மாமா வேலையின் பொருட்டு டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹியூஸ்டன் பக்கம் போனார், போனவர் திரும்பவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தபாலில் தாள்கள் வந்தன. கையொப்பம் கேட்ட இடங்களில் ஒப்பமிட்டு அனுப்பினார் அத்தை. பின்பு ஒரு கனத்த உறை வந்தது. அதைப் பிரித்தும் பாராமல் கிழித்தெறிந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் பணிவிடை செய்து தம் வயிற்றைக் கழுவினார். மறுமணத்தை எண்ணியும் பார்க்கவில்லை. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்லுவார். ஆனால் கடைசி வரிசையில்தான் அமருவார். எல்லாரும் நற்கருணை வாங்க எழும்போது தலைகுனிந்து அமர்ந்திருப்பார். தமக்கு அது விலக்கப்பட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டிருந்தார்.

2019இல் மாமா காலமானார். அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில், மணமுறிவு பெற்ற மனைவிக்கும் ஓர் உரிமை உண்டு. திருமணம் 10 ஆண்டுகளேனும் நீடித்திருக்குமானால், முன்னாள் கணவர் இறந்தபின், 60 வயது நிறைந்த அவள் அவருடைய கணக்கின் பேரில் உதவித்தொகை கேட்கலாம். நான் இதைச் சொன்னதும் அத்தை கேட்ட முதற் கேள்வி, "இன்னொருத்தி தட்டிலிருந்து எடுத்துத் திங்கச் சொல்லுதியா, ஐயா?" என்பதே. இவருக்குக் கிடைப்பதால் மாமாவின் இரண்டாம் மனைவிக்குரிய தொகையில் ஒரு காசும் குறையாது என்று விளக்கியபின்தான் அமைதியானார். உடனே அடுத்த தடை வந்தது. "எட்டு வருசந்தான சேர்ந்து வாழ்ந்தோம்?"

சட்டம் வேறு விதமாகக் கணக்கிடுகிறது. கணவர் வீட்டைவிட்டுப் போன நாளை அது பார்ப்பதில்லை; திருமண நாளிலிருந்து மணமுறிவு இறுதியான நாள் வரை எண்ணுகிறது. ஆகவே அத்தையின் முதுமைக்கான ஆதரவு முழுவதும் ஒரே ஒரு தேதியைப் பொறுத்திருந்தது. அந்தத் தேதியோ அவர் கிழித்தெறிந்த தாளில் இருந்தது.

அமெரிக்காவில் மணமுறிவுகளுக்கென நாடு முழுமைக்குமான பதிவேடு கிடையாது. மணமுறிவு வழங்குவது மாநில நீதிமன்றம். அதன் ஏடு, வழக்கு நடந்த கவுண்டியின் நீதிமன்ற எழுத்தரிடம் இருக்கும். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்றது. அந்நாட்டில் 3,000க்கும் மேற்பட்டவை உள்ளன. லூசியானா மாநிலத்தில் மட்டும், பழைய கத்தோலிக்க ஆட்சியின் நினைவாக, அதனைப் 'பாரிஷ்' என்றே அழைக்கிறார்கள். ஏட்டைக் காக்கும் அலுவலரின் பெயரும் மாநிலத்திற்கு மாநிலம் மாறும். இல்லினாயில் சர்க்யூட் நீதிமன்ற எழுத்தர்; டெக்சாசில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்; கலிபோர்னியாவில் சுப்பீரியர் நீதிமன்ற எழுத்தர். எனவே 'எப்போது' என்பதைவிட 'எங்கே' என்பதே முதற் கேள்வி.

தாள்களிலும் வகை உண்டு. பல மாநிலங்களின் சுகாதாரத் துறை தரும் சான்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன நாளில் மணமுறிவு ஆயிற்று என்று மட்டும் சொல்லும். நீதிபதி ஒப்பமிட்ட தீர்ப்பாணை, அதன் காரணத்தையும் சொத்துப் பிரிவினையையும் சொல்லும். மனு முதல் எல்லாத் தாள்களும் அடங்கிய வழக்குக் கட்டு மூன்றாவது. எதற்காகக் கேட்கிறோம் என்பதை அறிந்தே கேட்கவேண்டும். அத்தைக்குத் தேவைப்பட்டது, தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல்.

அத்தை வாழ்ந்தது சிகாகோவில் ஆகையால் அந்நகர் அடங்கிய குக் கவுண்டியில் முதலில் விசாரித்தோம். அங்கே அப்படியொரு வழக்கு பதிவாகவில்லை. ஆகவே மனுச் செய்தவர் மாமாவே என்பது தெளிவாயிற்று. டெக்சாசில் மணமுறிவு கோருபவர், தம்பதியரில் ஒருவர் அம்மாநிலத்தில் 6 மாதமும், வழக்குத் தொடரும் கவுண்டியில் 90 நாளும் குடியிருந்ததைக் காட்டவேண்டும். ஆனால் அங்கு 254 கவுண்டிகள்! ஹியூஸ்டன் நகரின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டியில் இருந்தாலும், சுற்றுப்புற ஊர்கள் வேறு கவுண்டிகளைச் சேர்ந்தவை. நல்லவேளையாக, 1968 முதலான மணமுறிவுகளுக்கு அம்மாநிலம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து, எந்தக் கவுண்டி என்று சொல்லும் ஒரு கடிதம் தருவார்கள். அது தீர்ப்பாணைக்கு ஈடாகாது. வழிகாட்டிப் பலகை மட்டுமே.

அங்கும் நம் பெயர்கள் சோதித்தன. தந்தை பெயரை முதலெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் அந்நாட்டுப் பட்டியலுக்குப் புரியாது. முதலெழுத்து விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கலாம். இயற்பெயரே குடும்பப் பெயராகியிருக்கலாம். சவரிமுத்து என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவோம் என்று எண்ணிப் பாருங்கள்! பழைய கடவுச்சீட்டில் இருந்த எழுத்துகளின்படி கேட்டபோதுதான் விடை வந்தது. வழக்கு நடந்தது ஹாரிசில் அன்று. அதை அடுத்த போர்ட் பெண்ட் கவுண்டியில்.

அக்கவுண்டியின் எழுத்தருக்கு அத்தையின் பெயரால் கடிதம் எழுதினேன். இருவர் முழுப்பெயர், பெயரின் வேறு வடிவங்கள், ஆண்டு, கேட்கும் தாள் இன்னதென்ற விவரம், அடையாள அட்டையின் நகல், கட்டணத்திற்கு மணியார்டர், முகவரியிட்ட உறை இவ்வளவே. உறவினருக்குக் கடிதம் எழுதும்போது நலம் விசாரித்துத் தொடங்கும் என் கைக்கு, ஒரு குடும்பத்தின் முடிவைக் கேட்டு எழுதிய அந்தப் பத்து வரி மிகவும் கனத்தது.

சில வாரங்களில் நகல் வந்தது. தேதி 1985 அக்டோபர். திருமணம் சட்டத்தின் கண்ணில் 12 ஆண்டுகள் நீடித்திருந்தது! அத்தை தேதியோடு நிறுத்தவில்லை. முழுவதையும் வாசித்துச் சொல்லச் சொன்னார். மண வாழ்வு 'தாங்க இயலாததாக' ஆகிவிட்டது என்று காரணம் கூறப்பட்டிருந்தது. யார்மீதும் குற்றம் சாட்டாமல் மணமுறிவு வழங்க டெக்சாஸ் சட்டம் பயன்படுத்தும் பொதுச் சொல் அது. அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என்மேல பழி ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தம்மீது ஏதோ பெரும் பழி எழுதப்பட்டிருக்கும் என்று அஞ்சியே அந்த உறையை அவர் பிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 34 ஆண்டுகளாக, எழுதப்படாத ஒரு குற்றப்பத்திரிகையை அவர் சுமந்து வந்திருக்கிறார்.

டெக்சாசில் இத்தகைய ஏடுகளைப் பொதுவாக எவரும் கேட்டுப் பார்க்கலாம். நியூயார்க்கிலோ, மணமுறிவுக் கட்டுகளைத் தம்பதியரும் அவர்தம் வழக்கறிஞரும் அன்றிப் பிறர் 100 ஆண்டுகளுக்கு நீதிமன்ற அனுமதியின்றிக் காண இயலாது. எது நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. ஊரார் கண்ணிலிருந்து ஒரு துயரத்தை மறைப்பது வேறு. அதை உரியவரே அறியாதிருப்பது வேறு. முன்னது நாணம்; பின்னது சிறை.

விண்ணப்பத்தோடு திருமணச் சான்றும் வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பங்குத்தந்தை பதிவேட்டிலிருந்து படியெடுத்து அனுப்பினார். அதன் ஓரத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. திருமணம் செல்லாதது எனத் திருச்சபை நீதிமன்றம் தீர்த்தால் அங்கே குறிப்பார்கள். நாட்டின் நீதிமன்றம் தரும் மணமுறிவை அங்கே எழுதுவதில்லை. இரண்டு ஏடுகள் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லுகின்றன. கவுண்டி ஏடு, நாட்டுச் சட்டப்படி பிணைப்பு எப்போது முடிந்தது என்கிறது. ஆலய ஏடு, இறைவன் முன்னிலையில் கொடுத்த வாக்கு அன்று பதிவானபடியே இருக்கிறது என்கிறது.

இவ்விரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு அத்தை தம் பங்குத்தந்தையிடம் சென்றார். கைவிடப்பட்டு, மணமுறிவுக்கு ஆளாகி, மறுமணமின்றி வாழ்பவருக்கு அருட்சாதனங்களில் தடையில்லை என்பதை அவர் எடுத்துரைத்தார். இது புதிய சலுகை அன்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் குடும்பம் பற்றி எழுதிய ஊக்கவுரையில் இதைத் தெளிவாகவே கூறியிருக்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் 'அன்பின் மகிழ்வு' மடலில் இத்தகையோரை நற்கருணையில் வலிமை பெற ஊக்குவிக்கச் சொன்னார். மாமா வீட்டைவிட்டுப் போன அதே ஆண்டில் எழுதப்பட்ட ஆறுதல், அத்தையின் செவியை எட்ட 38 ஆண்டுகள் ஆயின. நம் பங்குகளின் கடைசி வரிசைகளிலும் இப்படிச் சிலர் இருக்கக்கூடும். அவர்களைப்பற்றித் தாழ்ந்த குரலில் பேசும் நாம், அவர்களோடு ஒருமுறை தெளிந்த குரலில் பேசினால் என்ன?

உதவித்தொகை வரத் தொடங்கியது. மூலத்தாள்களை நான் திருப்பிக் கொடுத்தபோது, ஆலயச் சான்றையும் தீர்ப்பாணையையும் தனித்தனி உறையில் இட்டிருந்தேன். அத்தை இரண்டையும் வெளியே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, ஒரே உறையில் வைத்துத் தம் செபப்புத்தகத்தின் அருகில் வைத்துக்கொண்டார்.