காற்றுக்கு வழிவிடுவோம்

நாகர்கோவிலிலிருந்து கிழக்கே செல்லும் சாலை, தோவாளையைக் கடந்ததும் மலைகளை நெருங்குகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் இடைவெளி விட்டு நிற்கும் அவ்விடமே ஆரல்வாய்மொழிக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, குறுகிய மதகில் நுழைந்த ஆற்றுவெள்ளம்போல், இவ்விடைவெளியில் நெருக்குண்டு சீறிப் பாய்கின்றது. முப்பந்தலைச் சூழ்ந்து நிற்கும் காற்றாலைகளே இதற்குச் சான்று.

ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறுகின்றது. நம் பங்கு இளைஞரும் இளந்தம்பதியரும் மோட்டார் சைக்கிளில் இவ்வழியே புறப்படுவது, காற்று ஓயாத அந்நாட்களில்தான். இச்சாலையில் பல்லாண்டுகளாக மோட்டார் சைக்கிளில் சென்று வரும் நாம், அவர்களுக்காகவே இவற்றை எழுதுகின்றோம்.

காற்றின் விசை, வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை 40 கிலோமீட்டர் வேகமுள்ள எதிர்காற்று சந்திப்பின், அவர்மேல் மோதுவது 100 கிலோமீட்டர் வேகக் காற்று. அதன் விசையோ காற்றில்லா நாளினும் ஏறத்தாழ 3 மடங்கு. அவர் தம் வேகத்தை 40 ஆகக் குறைத்தால், அவ்விசையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும். செலவற்ற முதல் மருந்து இதுவே.

எனினும், தலையைக் குலுக்கிக் கழுத்தை நோகச் செய்வது சீரான காற்றன்று, சிதறிய காற்று. நெடும்பயணத்திற்கென வண்டியின் முன்னே பொருத்தும் காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் மேல்விளிம்பில் காற்று உடைந்து சுழல்களாகின்றது. கண்ணாடியின் பின்னே அழுத்தம் குறைவதால், அச்சுழல்கள் உள்ளிழுக்கப்பட்டு ஓட்டுபவரின் தலைக்கவசத்தில் மோதுகின்றன. காற்றின் போக்கைக் கண்ணால் மதிப்பிடுவது எளிதன்று. அதனாலன்றோ ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார், 1976-இல் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் முன்மூடியைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்தனர்!

நமக்கு அத்தகைய சுரங்கம் வேண்டுவதில்லை. நெரிசலற்ற நேர்ச்சாலையில், மிதவேகத்தில், இருக்கையிலிருந்தபடியே சற்று நிமிர்ந்து பாருங்கள். குலுக்கல் நின்றால், கண்ணாடியைத் தாழ்த்த வேண்டும். சற்றுக் குனிந்ததும் நின்றால், அதனை உயர்த்த வேண்டும். கண்ணாடியின் அடிப்புறத்தில் சிறிது இடைவெளி விட்டுப் பொருத்தினால், அவ்வழியே புகும் காற்று பின்புறத்து அழுத்தக் குறைவை நிரப்பிச் சுழலைத் தணிக்கும். காற்றை முற்றிலும் அடைக்க முயல்வதினும் அதற்குச் சிறிது வழிவிடுவது நன்று. எதற்கும் அடங்காவிடில் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். மார்பில் அழுத்தம் மிகும், ஆயினும் தலைக்கு வருவது சீரான காற்றாகவே இருக்கும்.

தலைக்கவசம் இறுக்கமாகப் பொருந்தி, அதன் வார் பூட்டப்பட்டிருக்கட்டும். குருக்களின் அங்கியாயினும் பெண்களின் சேலைத் தலைப்பாயினும், படபடக்கும் துணியைச் செருகிக்கொள்க. மூட்டைகளை உயர அடுக்காமல், தாழ்வாக, இருபுறமும் சமமாகக் கட்டுக. பின்னிருப்பவர் நெருங்கி அமர்க.

இனி, திரும்பி வரும் வழி. பணகுடியிலிருந்து தெற்கே வருகையில் காற்று வலப்புறமிருந்து தாக்கும். காவல்கிணற்றில் மேற்கே திரும்பியதும் முகத்தில் அறையும். அப்பகுதியின் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: “சாமி, ஒரே சீரா அடிக்கிற காத்துக்குப் பயமில்ல, விட்டுவிட்டு அடிக்குது பாருங்க, அதுதான் ஆளைத் தள்ளும்.” அனுபவம் பேசிய சொல் அது. பக்கக்காற்றை எதிர்த்து வலப்புறம் சாய்ந்து செல்கையில் லாரி ஒன்று வலப்புறமாக முந்தினால், காற்று திடீரென மறைந்து, வண்டி லாரியை நோக்கி நகரும். லாரி கடந்ததும் காற்று மீண்டும் அறைந்து சாலையோரத்திற்குத் தள்ளும். ஆதலின் தடத்தின் நடுவிலேயே செல்க. லாரி நெருங்குவதைக் கண்ணாடியில் கண்டதும் வேகத்தைக் குறைக்க. முழங்கால்களால் பெட்ரோல் தொட்டியை இறுகப் பற்றி, கைகளைத் தளர்வாக வைத்துக்கொள்க. விறைத்த கை, காற்றின் ஒவ்வோர் உதறலையும் கைப்பிடிக்குக் கடத்திவிடும்.

அவ்வாறும் கழுத்து வலிக்குமாயின் ஆரல்வாய்மொழியில் இறங்கி இளைப்பாறுக. பெயரிலேயே காற்றைத் தாங்கிய காற்றாடிமலை அங்குள்ளது. 1752 ஜனவரி 14 அன்று மறைசாட்சி தேவசகாயம் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அம்மலையடியில் அரைமணி நேரம் அமர்ந்தால் உடலும் தேறும், உள்ளமும் தேறும்.

திருத்தலம் சென்றவர் திரும்பும்வரை வீட்டில் விளக்கேற்றிக் காத்திருக்கும் தாய்மார் பலரை நாம் அறிவோம். அரைமணி பிந்தி வரும் மகனை எந்தத் தாயும் கடிந்துகொள்வதில்லை.