பட்ஜெட் கிடாரும் ஒரு பென்சிலும்

ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த காரியம் ஒண்ணை ஒருவழியா முடிச்சாச்சு. எலக்ட்ரிக் கிடார் வாங்கிட்டேன் மக்களே! கல்விக் கடனுக்கு இன்னும் பதினாலு தவணை பாக்கி இருக்கும்போது இருபத்தெட்டு வயசுல இது தேவையாடான்னு ரூம்மேட் கேட்டான். தேவைதான்னு அடிச்சுச் சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனாலும் வாங்கிட்டேன் :-)

வாங்கறதுக்கு முன்னாடி மூணு மாசம் மண்டையைப் பிச்சுக்கிட்டதுல கொஞ்சம் விஷயம் தேறிச்சு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதுக்கு முன்னாடி வழக்கம்போல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க.

இன்ஜினியரிங் முதல் வருஷம். ஹாஸ்டல் மொட்டை மாடியில சீனியர் ஒருத்தர் தினமும் ராத்திரி கிடார் வாசிப்பார். சுத்தி பத்துப் பேர் உட்கார்ந்திருப்போம். எனக்கும் ஆசை வந்துடுச்சு. அப்பா சிவகாசியில ஒரு பிரஸ்ல ஆஃப்செட் மெஷின் ஓட்டறவர். காலண்டர் சீசன்ல ராத்திரி பகலா ஓவர்டைம் பார்ப்பார். அந்த வருஷ ஓவர்டைம் காசுல 2,800 ரூபாய்க்கு ஒரு சாதா கிடார் வாங்கிக் கொடுத்தார். கடையில எதுவும் கேட்கத் தெரியாது அவருக்கு. "நல்லதா குடுங்க, பையன் காலேஜ்ல படிக்கிறான்" அப்படின்னு மட்டும் சொன்னார்.

மூணே மாசம்தான். விரல் நுனி அறுத்து ரத்தம் கட்டினதுதான் மிச்சம். எஃப் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் ஒரே நேரத்துல அழுத்தணும். கடைசி வரைக்கும் வரவே இல்லை. டொக் டொக்னு கட்டையில தட்டின மாதிரி சத்தம் வரும். அதே எஃப் கார்டை சீனியர் பேசிக்கிட்டே பிடிப்பார். செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனப்ப கிடாரையும் தூக்கிட்டுப் போயிட்டேன். "எனக்கு சங்கீதம் வராதுப்பா"ன்னு சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. பழைய போர்வையில சுத்தி பரண்ல வச்சார். கொசுவத்தி முடிஞ்சது.

போன வருஷம் ஆஃபீஸ் விழாவுக்கு டீம்ல ஒருத்தன் எலக்ட்ரிக் கிடார் கொண்டு வந்திருந்தான். சும்மா மடியில வச்சு, ஞாபகம் இருக்கான்னு பார்க்க எஃப் பிடிச்சேன். ஆறுல அஞ்சு கம்பி சுத்தமா பேசுச்சு! பத்து வருஷமா தொடாத கை. எலக்ட்ரிக்னா ஈஸி போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். அப்படிப் பிடிச்ச கிறுக்குதான் இது.

பட்ஜெட் 25,000. கிடாருக்கு மட்டும் இல்லை, எல்லாத்துக்கும் சேர்த்து. எலக்ட்ரிக் கிடார் வாங்கறவங்க பண்ற முதல் தப்பே மொத்தக் காசையும் கிடார்ல போட்டுட்டு, அப்புறம் கேபிளுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் முழிக்கிறதுதான். ரெண்டாவது தப்பு, எல்லாம் ஒரே பெட்டியில கிடைக்குதேன்னு ஸ்டார்ட்டர் பேக் வாங்கறது. அதுல வர்ற குட்டி ஆம்ப் பெரும்பாலும் ஒரு மாசத்துல அலுத்துடும். அந்தக் காசை நல்ல கிடார்ல போட்டிருக்கலாம்.

நம்ம துறைக்காரங்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்றேன். இன்னைக்கு உலகம் பூரா காப்பியடிக்கிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் டிசைன் 1954-ல வந்தது. அதைக் கொண்டு வந்த லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவுல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர். அவருக்கு கிடார் வாசிக்கத் தெரியாது! ஒட்டு வேலை எதுக்குன்னு கழுத்தையும் உடம்பையும் தனித்தனியா செஞ்சு நாலு ஸ்க்ரூ போட்டு இணைச்சிட்டார். கழுத்து கெட்டா கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம். மாடுலர் டிசைன்னு நாம இன்னைக்கு மீட்டிங்ல அளக்கிறதை மனுஷன் அப்பவே மரத்துல பண்ணிட்டார்.

எழுபதுகள்ல ஜப்பான்காரங்க அந்த டிசைனைக் காப்பியடிச்சு அசலுக்குச் சவால் விடற அளவுக்குச் செய்ய ஆரம்பிச்சாங்க. ஃபெண்டர் கம்பெனி 1982-ல தானே ஜப்பான்ல ஸ்குவையர்ங்கற பேர்ல விலை குறைஞ்ச கிடார் செய்ய இறங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். இப்ப மலிவு விலை கிடார்கள்ல நிறைய இந்தோனேசியாவுலயும் சீனாவுலயும் தயாராகுது. கோர்ட்ங்கற கொரியக் கம்பெனி தன் பேர்லயும் செய்யுது, அடுத்த பிராண்டுகளுக்கும் செஞ்சு கொடுக்குது. மரம் அறுக்கிறதும் ஃப்ரெட்டுக்குக் காடி வெட்டறதும் கம்ப்யூட்டர் மெஷின். அதனால மலிவு கிடார்லயும் அளவு தப்பறது குறைஞ்சிடுச்சு. அப்ப விலை எங்க குறையுது? பிக்கப், கம்பி முறுக்கற சாவி, ஃப்ரெட் ஓரத்தை ராவி மழுக்கற வேலை, முக்கியமா கடைசியில ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொண்ணா சரி பார்க்கிற நேரம். இது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.

அண்ணா சாலைக் கடைகள்ல ரெண்டு சனிக்கிழமை ஏறி இறங்கினேன். ஸ்குவையர், யமஹா, ஐபனெஸ், எபிஃபோன், கோர்ட் எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தாச்சு. ஒரே மாடல்ல ரெண்டு பீஸ் எடுத்தா ரெண்டும் ரெண்டு விதமா இருக்கு. அதனால கண்ணால பார்க்காம ஆன்லைன்ல ஆர்டர் போடறதுக்கு நான் எதிர்க்கட்சி. பக்கத்துல கடை இல்லாதவங்க என்ன பண்றதுன்னு கேட்டா, திருப்பி எடுத்துக்கிற இடமா பார்த்து வாங்குங்க.

புதுசுல என் பட்ஜெட்டுக்கு ஆரம்ப நிலை கிடார்தான் கிடைச்சுது. செகண்ட் ஹேண்ட்ல போனா அதே காசுக்கு ஒரு படி மேல. கடைசியில நங்கநல்லூர்ல ஒருத்தர்கிட்ட யமஹா பசிஃபிகா 112வி. அவர் பையன் பிளஸ் டூ வந்துட்டானாம். "கிடாரைப் பார்த்தா புக்கைத் தொட மாட்டேங்கறான் சார்" என்றார். பையன் கதவோரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்தான். எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. இருந்தாலும் பேரம் பேசினேன், பொய் சொல்லக் கூடாது. பதினாறுல ஆரம்பிச்சு பதினாலாயிரத்துல முடிஞ்சுது, பையோட.

போன உடனே பிளக்கைச் செருகி டொய்ங்னு அடிக்காதீங்க. முதல்ல ஒயர் இல்லாம வாசிச்சுப் பாருங்க. ஆம்ப் சத்தத்துல கிடாரோட குறையெல்லாம் ஒளிஞ்சுக்கும். துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி தலைப் பக்கம் இருந்து கழுத்தை ஒரு கண்ணால பாருங்க, முறுக்கிக்கிட்டு இருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. தடிச்ச கம்பியை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அழுத்தினா, நடுவுல ஏழெட்டாவது ஃப்ரெட்கிட்ட ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி இருக்கணும். கூடக் குறைய இருந்தா பயப்படாதீங்க, கழுத்துக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கு, அதைக் கொஞ்சம் திருப்பினா சரியாகும். அந்தக் கம்பி திரும்புதாங்கறதுதான் முக்கியம். அப்புறம் ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா வாசிங்க. ஆமா, நூத்து முப்பது இடத்துக்கு மேல வரும். விக்கிறவர் கொட்டாவி விடுவார். விடட்டும். பிளக் போட்டப்புறம் குமிழைத் திருப்பினா கரகரன்னா அது சின்ன வேலைதான், அதைச் சொல்லி ஐநூறு ரூபாய் குறைக்கலாம்.

இன்னும் ஒண்ணு. ஒற்றைச் சுருள் பிக்கப்னா உம்ம்னு ஒரு இரைச்சல் கூடவே வரும். நம்ம வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்டோட சத்தம் அது. 1955-ல கிப்சன் கம்பெனி இன்ஜினியர் சேத் லவர், ரெண்டு சுருளை எதிரெதிரா சுத்தி அந்த இரைச்சலை அடிச்சுத் தள்ளினார். அதுதான் ஹம்பக்கர். பசிஃபிகாவுல ஒரு ஹம்பக்கரும் ரெண்டு ஒற்றைச் சுருளும் இருக்கு. எந்தப் பாட்டு வாசிப்போம்னே தெரியாத என்னை மாதிரி ஆளுக்கு இது வசதி. எர்த் இல்லாத பழைய வீட்டுல எதுவும் முழுசா நிக்காதுங்கறது வேற கதை. (ரூம்மேட் கேட்ட முதல் பாட்டு, 1982-ல வந்த பயணங்கள் முடிவதில்லை படத்து நிலா பாட்டு. டேய், அது சாதா கிடார்டா!)

சரி, மேட்டருக்கு வர்றேன். பழைய கிடாராச்சே, ஒரு தடவை செட்டப் பண்ணிடலாம்னு விசாரிச்சு, பெரம்பூர்ல ஒரு அங்கிள்கிட்ட போனேன். எழுபது வயசு இருக்கும். வீட்டுத் திண்ணைதான் பட்டறை. கம்பியெல்லாம் கழட்டிட்டு, ட்ரஸ் ராடைக் கால் திருப்பு திருப்பினார். கொஞ்ச நேரம் விட்டார். மறுபடி பார்த்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்ல ஸ்கேல் வச்சு, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இடைவெளி ஒண்ணரை மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்தார். அப்புறம் சுதி. இந்தக் கிடார்ல கம்பியோட நீளம் 648 மில்லிமீட்டர், பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியா பாதியில 324-ல இருக்கு. ஆனா கம்பியை அழுத்தும்போது அது துளி இழுபட்டு சுதி ஏறிடும். அதுக்குப் பரிகாரமா ஒவ்வொரு கம்பிக்கும் பிரிட்ஜ்ல இருக்கிற சாடிலை நூல் அளவு பின்னாடி தள்ளணும். ஆறு கம்பிக்கும் ஆறு கணக்கு. ஒண்ணேகால் மணி நேரம். 1,200 ரூபாய் கூலி, 600 ரூபாய்க்குப் புதுக் கம்பி. மொத்தச் செலவுலயே உருப்படியான செலவு இதுதான்.

"இதுக்கு முன்னாடி வாசிச்சிருக்கீங்களா தம்பி?"

சொன்னேன். ஹாஸ்டல், மூணு மாசம், எஃப் கார்டு எல்லாம்.

"அந்தக் கிடார்ல கம்பி எவ்வளவு உயரம் இருந்துச்சு?"

அளவெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆனா ஒண்ணு ஞாபகம் இருந்துச்சு. ஹாஸ்டல்ல பென்சில் தொலைஞ்சு போகாம இருக்க, பன்னிரண்டாவது ஃப்ரெட்கிட்ட கம்பிக்கு அடியில செருகி வச்சிருப்பேன். லூசா நிக்கும். அதைச் சொன்னேன்.

அங்கிள் வேலையை நிறுத்திட்டார். "பென்சிலா? ஏழு மில்லிமீட்டர் தம்பி அது. ரெண்டரை இருக்கணும். அதுல நானே எஃப் பிடிக்க முடியாது. யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

யாரும் சொல்லலை அங்கிள். சீனியரும் ஒரு தடவை கூட என் கிடாரை வாங்கி வாசிச்சுப் பார்க்கலை. நானும் கேட்கலை. நாலரை மில்லிமீட்டர். பத்து வருஷம் எனக்கு சங்கீதம் வராதுன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு அலைஞ்சேன். பெரம்பூர்ல இருந்து திரும்பற ரயில்ல கிடாரை மடியில வச்சுக்கிட்டு வேற எதையும் நினைக்க முடியலை.

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட போன்ல சொன்னேன். கிடார் வாங்கினதைச் சொன்னப்ப திட்டுவார்னு நினைச்சேன், திட்டலை. 1,200 ரூபாய் செட்டிங் கூலின்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "புது மெஷினே வந்து இறங்கினாலும் செட்டிங் பண்ணாம ஓட்ட முடியுமாடா? நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார வேண்டாமா?" என்றார். முப்பது வருஷமா அதே வேலை பார்க்கிறவர். நான் விட்டிருக்கணும். வாய் சும்மா இல்லாம பென்சில் கதையையும் சொல்லித் தொலைச்சேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப செட்டிங் இல்லாத சாமானைத்தான் நான் வாங்கிக் குடுத்தேனா" என்றார்.

இல்லப்பா, அப்படி இல்லப்பான்னு என்னென்னமோ உளறினேன். கடைக்காரன் சொல்லணும்ப்பா, நமக்கு எப்படித் தெரியும்னு சொன்னேன். "சரி, சாப்பிட்டியா"ன்னு கேட்டு வச்சிட்டார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். நான் போறதுக்கு முன்னாடியே பரண்ல இருந்து இறக்கித் தூசி தட்டி, கட்டில் மேல வச்சிருந்தார். போர்வையைக் காணோம். புதுசா ஒரு துணிப்பை.

நேத்து அதை பெரம்பூருக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்கிள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து வருஷமா கம்பியைத் தளர்த்தாம வச்சதுல பிரிட்ஜ் பிச்சுக்கிட்டு நிக்குது, கழுத்தும் வளைஞ்சிருக்கு, உள்ள ட்ரஸ் ராடே கிடையாது. பிரிட்ஜை ஒட்டி, நட்டை ராவி, எலும்பை இறக்கினா 2,500 ஆகும், அதுலயும் முதல் அஞ்சு ஃப்ரெட் வரைக்கும்தான் உத்தரவாதம், இந்தக் காசுக்கு இது லாயக்கில்லை தம்பின்னு நேர்மையாவே சொல்லிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிடார் 14,000, செட்டப்பும் கம்பியும் 1,800, லேப்டாப்ல இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பழசு ஒண்ணு 4,500 (ஆம்ப் வாங்கலை, ஹெட்ஃபோன்தான், பக்கத்து ஃபிளாட்ல கைக்குழந்தை), கேபிள் 600, பெல்ட் 300, டியூனர் 400. ஆக 21,600. பட்ஜெட்ல 3,400 மிச்சம் இருக்கு.

எஃப் கார்டு முதல் ஃப்ரெட்லதான். அஞ்சு ஃப்ரெட் போதும் அங்கிள்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கார்.