கழுத்துக் கடைசல்

செஞ்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரியின் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு, களஞ்சியத்துக்குள் நின்று ஒரு கூச்சல் போட்டுவிட்டு, நிழலில் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்து விடுவார்கள். நான் குற்றம் சொல்ல மாட்டேன். எண்ணூறு அடி உயரம் என்றால் லேசா? ஆனால் மூச்சு வாங்க ஏறிப் போனால் உச்சியில் ஒரு பழைய பீரங்கி இருக்கிறது.

அதன் வாய்க்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தான் என் தமக்கை மகன். அமெரிக்காவில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடுகிறான்; பறவையை அல்ல, நூறு கஜத்துக்கு அப்பால் ஒட்டிய காகிதத்தை.

“இதிலே குண்டு லொடலொடவென்றுதான் போயிருக்கும், மாமா!” என்றான்.

உண்மைதான். அந்தக் காலத்து வார்ப்புக் குண்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. துருவேறும், குழாயிலும் கரி படியும். அதனால் குண்டைச் சற்றுச் சிறிதாகவே வார்ப்பார்கள். மருந்தின் வேகத்தில் ஒரு பங்கு அந்தச் சந்தில் ஓடிவிடும். குண்டோ குழாயின் சுவர்களில் முட்டிக்கொண்டு, கடைசி முட்டல் தள்ளிய திசையில் போகும். 1690 முதல் 1698 வரை மொகலாயர் இந்தக் கோட்டையைச் சுற்றிக் கிடந்தார்கள். சுல்பிகார்கானுக்கு உண்மையில் பிடிக்க மனசில்லை என்று சரித்திரக்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. பீரங்கிக்கும் மனசில்லையோ என்னவோ!

பையனுடைய கவலை அதைவிடச் சின்னச் சந்து. சுட்ட பித்தளைத் தோட்டாவை எறியாமல், புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்புகிறான். பித்தளை வில்லையைக் கிண்ணமாக அழுத்தி, இழுத்து இழுத்துச் செய்த கூடு அது. இழுக்கும்போது கழுத்தின் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் மெல்லிசாகவும் போய்விடுகிறது. வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. தலைமயிரின் கனம்கூட இல்லை. அதற்கே குண்டு நடுவில் உட்காராமல் சாய்ந்துவிடுமாம்.

ஆகவே கழுத்தைக் கடைகிறான். முதலில் ஓர் எஃகு உருளையைச் செருகி உட்புறத்தைச் சமமாக்கினால் மேடு வெளிப்புறம் வந்துவிடும். பிறகு சிறிய உளியால் அதைச் சீவ வேண்டும். சொட்டு எண்ணெய், நிதானமான சுற்று. பித்தளை சூடேறினால் அளவு மாறும். தோள்பட்டையில் ஆழமாக உளி பட்டால் கழுத்து விரியும்.

“எல்லாத் துப்பாக்கிக்கும் இது வேண்டுமா?”

“வேண்டாம் மாமா. கடைத் துப்பாக்கியில் அறை விசாலமாக இருக்கும். அதற்குக் கழுத்தை மெல்லிசாக்கினால் சீக்கிரம் வெடித்துப் போகும். என்னுடையது இறுக்கமான அறை. கடையாமல் போட்டால் கழுத்து விரிய இடமில்லை, குண்டை விடாது. அழுத்தம் ஏறித் துப்பாக்கியே முகத்தில் வெடிக்கலாம்.”

இதை அவன் தாயார் காதில் போடாதே என்று எச்சரித்தேன். துப்பாக்கி கடல் கடந்து இருப்பதுதான் அவளுக்கு ஒரே நிம்மதி.

அவன் தகப்பனார் திண்டிவனத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். தொட்டில் கால், கட்டில் கால், பம்பரம் எல்லாம் கடைவார். பையன் வாசலில் வந்து நின்றால், “போடா, போய்ப் படி!” என்று மரச்சிராயை அள்ளி வீசுவார். உளியைத் தொட விட்டதே இல்லை. அவர் போன பின்பு பட்டறையை விற்றுத்தான் இவனைக் கப்பலேற்றாத குறையாக அனுப்பினோம். இப்போது ராத்திரி பதினோரு மணிக்குச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நூறு தோட்டாக்களுக்குக் கழுத்துக் கடைகிறானாம். சீவல் சுருள் அறாமல் நீளமாக வந்தால் உளி கூர்மை என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“வாசலில் நின்று பார்த்ததுதான்” என்றான்.

வீடு திரும்பியதும், பணப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தாயாரிடம் காட்டினான். ஐந்து முறை சுட்டது. நடுவில் ஒரே ஒரு ஓட்டை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“அஞ்சு சுட்டே என்கிறாய். பாக்கி நாலும் எங்கேடா போச்சு?” என்றாள்.